வெள்ளிக்கிழமைச் சூடு

யாரையும் சந்தேகப்படாமல் ஒரு நாளைக் கழிக்க வல்லிநாயகத்துக்குத் தெரியாது. பால்காரர் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம், தாமதமாக வந்தால் ஏன் தாமதம். தெருநாய் குரைக்காமல் படுத்திருந்தால்கூட, யாரோ பிஸ்கட் போட்டுப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரோடு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், எதையோ திருடிவிட்ட மாதிரி நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழில் குஞ்சு பொரிப்பகம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில், வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதற்குள் பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின். சுற்று வட்டாரத்து நாட்டுக்கோழி முட்டைகளைப் புதன்தோறும் அதில் அடுக்குவார்கள். மூன்றாம் வாரம் அதே புதன்கிழமை குஞ்சு வெளியே வந்துவிடும். உள்ளே எந்நேரமும் முப்பத்தேழரை டிகிரி சூடு இருக்க வேண்டும். இரண்டு டிகிரி கூடிச் சில மணி நேரம் நின்றாலும், ஓட்டுக்குள் இருக்கிற உயிர் ஓட்டுக்குள்ளேயே முடிந்துபோகும்.

அந்தச் சூட்டைச் சொல்ல இரண்டு பேர் உண்டு. ஒன்று மெஷினுடைய சென்சார். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் குமிழ், மேல்தட்டில் ஒரு கொக்கியில் தொங்கும். அது காட்டும் சூடு வெளியே சிவப்பு எண்ணில் எரியும், அதன் பேச்சைக் கேட்டுத்தான் ஹீட்டர் எரியும், அணையும். இன்னொன்று, கதவுக் கண்ணாடியின் உட்பக்கம் நிற்கிற சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர். வல்லிநாயகம் முன்னதை நம்பினார். ‘புள்ளி வைத்துக் காட்டுகிற மெஷின் எங்கே, புளியங்குச்சி மாதிரி நிற்கிற இது எங்கே’ என்பது அவருடைய கட்சி. மனிதர்களில் ஒருவரையும் நம்பாதவர், ஒரு புள்ளியைப் பார்த்ததும் எப்படி விழுந்துவிட்டார் பாருங்கள்.

மெஷினைப் பார்த்துக்கொள்ள எப்சிபா இருந்தாள். கீழப்பாவூர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். பல்லடம் பக்கம் பெரிய பொரிப்பகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பூ வைக்க மாட்டாள், பொட்டு வைக்க மாட்டாள், கம்மல்கூடப் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உபவாச ஜெபத்துக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாள். மற்ற நேரம் மணிக்கு ஒரு தடவை மெஷின் முன்னால் குந்தி, கண்ணைத் தெர்மாமீட்டரின் சிவப்புக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுவாள். மெஷின் எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு, கடைசியில் குறிப்பு. நின்றபடி மேலிருந்து பார்த்தால் அரை டிகிரி மாறித் தெரியும் என்பாள். வல்லிநாயகத்துக்கு அது நடிப்பாகத்தான் பட்டது. மாதம் பிறந்தால் ஒரு டம்ளரில் பொடித்த ஐஸைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை பார்த்தபோது, வேலை நேரத்தில் நன்னாரி சர்பத் கலக்கிக் குடிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூறு முட்டை வைத்தால் எண்பது குஞ்சு. இந்த வருடம் ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கீழப்பாவூரில் இன்னொருவன் பொரிப்பகம் திறந்தான். அன்றோடு வல்லிநாயகத்தின் தூக்கம் போயிற்று.

“கண்ணு போட்டிருவான்” என்றார் மனைவியிடம்.

“ஆடி வெள்ளிக்கு மெஷினுக்குப் பூ போடுங்க, எல்லாம் சரியாவும்” என்றாள் முத்துவடிவு.

வழக்கமாகக் கதவுக் கைப்பிடியில் ஒரு முழம் பூ சுற்றுவார். இந்தத் தடவை அது போதாது என்று தோன்றியது. உயிர் வளர்கிற இடம் உள்ளே அல்லவா இருக்கிறது? கோயிலில் வாசல் கதவுக்கா பூ போடுகிறார்கள்? முத்துவடிவு பிச்சிப்பூவைக் கட்டி, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். முதல் ஆடி வெள்ளி காலை ஒன்பது மணிக்கு அவர் மெஷின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த ஒரே கொக்கியில் பூவைச் சுற்றினார். சென்சார் தொங்குகிற கொக்கி அது.

எப்சிபா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். “அண்ணாச்சி, உள்ள வேண்டாமே. வெளிய போடுங்களேன். சென்சார்ல ஈரம்…”

வல்லிநாயகம் திரும்பினார். “என் சாமிக்குப் போடுத பூவு ஒனக்கு ஆகாதோ?”

“அதுக்கில்ல அண்ணாச்சி…”

“ஒன் ஜெபத்துக்கு நான் என்னைக்காவது குறுக்க வந்திருக்கனா? எங்கும்பிடுல நீ வாய வைக்காத. இந்தப் பூவுல கைய வச்சே, பொறவு நடக்கது வேற.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கப்புறம் பூவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினார். சீசன் நேரம். சாரல் அடிக்கிறது, அருவியில் நல்ல தண்ணீர். குளித்து, குழல்வாய்மொழி அம்மனைக் கும்பிட்டு, கூட்டத்தில் நீந்தி வீட்டுக்கு வர மாலை நான்கு ஆகிவிடும். ஆடி வெள்ளி என்றால் அவருக்கு அதுதான் வாடிக்கை.

அடுத்த புதன்கிழமை நூற்றுக்கு அறுபதுதான் பொரிந்தது. அதிலும் பல குஞ்சுகள் ஒருநாள் முந்தியே வந்து, தொப்புள் மூடாமல், கால் பரப்பிக் கிடந்தன. அதற்கு அடுத்த வாரம் நாற்பத்தெட்டு. வல்லிநாயகம் நோட்டை எடுத்துப் புரட்டினார். மற்ற ஆறு நாளும் இரண்டு கட்டத்திலும் முப்பத்தேழரை. வெள்ளிக்கிழமை மட்டும் காலை பத்து முதல் மூன்று மணி வரை மெஷின் முப்பத்தேழரை, கண்ணாடி முப்பத்தொன்பது, முப்பத்தொன்பதரை, நாற்பது. அவர் நான்கு மணிக்கு வந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக நின்றன. அப்படியானால் அவர் இல்லாத நேரத்தில் மட்டும் கண்ணாடிக்கு ஏன் காய்ச்சல் வருகிறது? பொய் எழுதுகிறாள். மெஷின்மேல் பழி போட்டுத் தப்பிக்க இப்போதே வழி பண்ணி வைக்கிறாள். அவருக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல், எப்போதும் போல ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கையெழுத்துப் போட்டு மூடி வைத்தார். கேட்டால் உஷாராகிவிடுவாள் அல்லவா?

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காமராஜ் காய்கறி மண்டி வைத்திருந்தான். அங்கே காய் கொண்டு வரும் விவசாயிகள்தான் இவரிடம் முட்டை கொடுப்பவர்கள். குஞ்சுப் பெட்டியையும் மண்டியிலேயே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். காமராஜ் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான்.

“அண்ணாச்சி, ஒங்க எப்சிபா அந்தப் புதுப் பொரிப்பகத்துக்காரன்கூட பஸ் ஸ்டாப்புல பேசிக்கிட்டு நின்னுச்சு.”

அவள் ஊரே கீழப்பாவூர்தான், அவனும் அதே ஊர், அதே பஸ் ஸ்டாப். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். வல்லிநாயகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மூன்றாவது வெள்ளி, பூவைப் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு எல்லாருக்கும் தெரியும்படி குற்றாலத்துக்குக் கிளம்பினார். குத்துக்கல்வலசை விலக்கில் ஒரு டீக்கடையில் பன்னிரண்டரை வரை மறைந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். எப்சிபா ஜெபத்துக்குப் போயிருந்தாள். மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தார். மெஷின் கதவு முழுசாகச் சாத்தவில்லை. இடுக்கில் நாலாக மடித்த ஒரு அட்டை சொருகியிருந்தது. இரண்டு விரல் இடைவெளி. சிவப்பு எண் முப்பத்தாறு புள்ளி எட்டு காட்டியது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடு வேறு எதுவும் கிடையாது. “சூட்ட வெளிய விடுதா!” என்று வாய்விட்டே சொன்னார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அட்டையை உருவிப் பையில் போட்டுக் கதவை இறுக்கிச் சாத்தினார். எண் மெல்ல ஏறி முப்பத்தேழரையில் நின்றதும் நெஞ்சு குளிர்ந்தது. கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டுமானால் குந்த வேண்டும், அதற்கு வாசிக்கிற கண்ணாடியும் வேண்டும். அது வீட்டில் இருந்தது. போய் எடுத்து வர அவருக்குத் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை முப்பத்தைந்து. நான்காவது வெள்ளி, பூவைப் போட்ட கையோடு மெஷின் கதவுக்கு ஒரு பூட்டும் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போனார். செட்டிங்கை மாற்றவும் அவளுக்கு வழியில்லை, ரகசிய எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். பூட்டுப் போட்டும் அடுத்த புதன்கிழமை இருபத்திரண்டுதான்.

காமராஜ் பெட்டி எடுக்க ஆட்டோவோடு வந்து நின்ற நேரம். செத்த முட்டைகள் ஒரு வாளி நிறைய இருந்தன. வல்லிநாயகம் அவன் முன்னாலேயே கையை நீட்டினார்.

“அறைச் சாவியக் குடு.”

எப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. “நான் என்ன செஞ்சேன் அண்ணாச்சி?”

“என்ன செஞ்சியா? கீழப்பாவூர்க்காரன் சொன்னத செஞ்சிருக்க. கதவத் தொறந்து வைக்கதும், இல்லாத சூட்ட எழுதுததும்… படம் எடுத்து வச்சிருக்கேன், காட்டட்டா?”

அவள் கண் கலங்கியது. அழவில்லை. சாவியை அவர் கையில் தராமல் நோட்டின்மேல் வைத்தாள். “இந்த நோட்ட ஒரு தடவ முழுசா வாசிச்சுப் பாருங்க. கடைசிக் கட்டம் வரைக்கும்.”

“வாசிச்சுக்கிட்டுத்தான இருக்கேன், ஒன் பொய்ய.”

அன்றைக்கே மண்டிக்குப் போய், தக்காளி இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள், பஸ்ஸுக்கு நின்ற விவசாயிகள், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: “முட்டையக் கெடுத்தது அந்த எப்சிபாதான். ஆள அனுப்பியாச்சு. இனி ஒருத்தரும் பயப்பட வேண்டாம்.” மறுநாள் அவள் வேறு இரண்டு பண்ணைகளில் வேலை கேட்டு, இரண்டிலும் திருப்பி அனுப்பப்பட்டாள் என்று காமராஜ் சொன்னபோது, ‘நல்லா வேணும்’ என்று நினைத்தார்.

இந்த ஆடியில் ஐந்து வெள்ளி. ஐந்தாவது வெள்ளி அவர் குற்றாலத்துக்குப் போகவில்லை. பூவைப் போட்டார், கதவைச் சாத்தினார், பிளாஸ்டிக் நாற்காலியை மெஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டு, வாசிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே தூறல். இன்றைக்கு எதுவும் கெடாது, கெடுக்க ஆள் இல்லை.

ஒன்பதரைக்கு மெஷின் முப்பத்தேழரை. குந்திப் பார்த்தார். கண்ணாடி முப்பத்தெட்டுக்கு மேல். பத்து மணிக்கு மெஷின் அதே முப்பத்தேழரை. கண்ணாடி முப்பத்தொன்பது.

‘போகும்போது இதையும் கெடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்’ என்று பல்லைக் கடித்தார். அலமாரியில் பிரிக்காத புதுத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் நிறுத்தினார். கால் மணி நேரத்தில் அதுவும் முப்பத்தொன்பதரை. இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டதா? அப்படி நினைத்ததும் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உறை பிரிக்காத பொருளை எப்சிபா எப்படிப் பேசி வைத்திருக்க முடியும்?

மெஷின் மெக்கானிக் ஹபீபுல்லாவுக்குத் தென்காசிக்குப் போன் போட்டார்.

“எதுக்கு அண்ணாச்சி கொழம்புதீங்க? ஐஸ்ல வச்சா எது பொய்னு தெரிஞ்சிரும்லா. பொடிச்ச ஐஸு, கொஞ்சூண்டு தண்ணி. நல்லா கலக்கி, டம்ளர்ல முட்டாம மூணு நிமிசம் பிடிங்க. பூஜ்யம் காட்டணும். சென்சாரையும் கழத்தி அதே மாதிரி வைங்க. வைக்கதுக்கு முன்ன ஹீட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணிருங்க, மறந்துராதீங்க. எப்சிபாக்கா மாசாமாசம் செய்யுமே, நீங்க பாத்ததில்லையா?”

பார்த்திருக்கிறார். சர்பத் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்.

முத்துவடிவு மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்தாள். பழைய கண்ணாடி: பூஜ்யம். புதுக் கண்ணாடி: பூஜ்யம். அப்படியானால் மெஷின்தான் திருடன். ஹீட்டரை அணைத்துவிட்டு, சென்சாரைக் கழற்றக் கையை நீட்டினார். பூ சுற்றியிருந்தது. பூவை அவிழ்த்தால்தான் சென்சார் வரும். அவிழ்த்து முத்துவடிவின் கையில் கொடுத்துவிட்டுச் சென்சாரை ஐஸில் வைத்தார். பூஜ்யம் புள்ளி ஒன்று.

வல்லிநாயகம் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றும் உண்மை சொல்கின்றன. அறையில் அவரையும் முத்துவடிவையும் தவிர ஒருவரும் இல்லை.

சென்சாரைத் துடைத்து, பூவில்லாமல் கொக்கியில் மாட்டி, ஹீட்டரைப் போட்டார். அரை மணி நேரத்தில் மெஷின் முப்பத்தேழரை, கண்ணாடி முப்பத்தேழரை. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன.

“பூவப் போடலியா?” என்றாள் முத்துவடிவு, நல்ல எண்ணத்தில்.

வாங்கினார். பூ இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கொக்கியில் சுற்றிக் கதவைச் சாத்தினார். அவர் கண் முன்னால் சிவப்பு எண் முப்பத்தாறுக்கு இறங்கியது. பிறகு முப்பத்தைந்தரை. ஹீட்டர் விளக்கு பட்டென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எண் மறுபடி ஏறி முப்பத்தேழரையில் சமர்த்தாக நின்றது. பக்கத்தில் இரண்டு சிவப்புக் கோடுகளும் முப்பத்தொன்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு, அந்தத் துணியையே தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று சொன்ன கதைதான். சென்சார் பொய் சொல்லவில்லை. ஈரப் பூவுக்குள் எவ்வளவு சூடோ அதைச் சொன்னது. பூவுக்கு வெளியே முட்டை வெந்துகொண்டிருந்தது. அவர் அருவியில் நனைந்து, அம்மனைக் கும்பிட்டு நான்கு மணிக்கு வரும்போது பூ காய்ந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

கதவைப் பிடுங்கித் திறந்து பூவை அறுத்து எடுத்தார். வெந்த பிச்சிப்பூ வாசம் குப்பென்று வந்தது. நான்கு வாரமாக அந்த அறையில் இருந்த வாசம்தான். தெய்வ கடாட்சம் என்று மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்த வாசம்.

நோட்டை எடுத்தார். கடைசிக் கட்டம் வரைக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். முதல் வெள்ளி, குறிப்பு: ‘பூ.’ இரண்டாம் வெள்ளி: ‘பூ. ஈரம்.’ மூன்றாம் வெள்ளி: ‘பூ. சூடு தணிய அட்டை வைத்தேன். 2.05க்கு வந்தபோது அட்டை இல்லை. கண்ணாடி 40.2.’ நான்காம் வெள்ளி: ‘பூ. பூட்டு.’ ஒவ்வொன்றுக்கும் கீழே வல்லிநாயகம் என்று சுழித்துச் சுழித்து அவருடைய கையெழுத்து. அட்டையை உருவிப் பையில் போட்டதும், எண் ஏறியதைப் பார்த்து நெஞ்சு குளிர்ந்ததும் ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த வாளி நிறைய முட்டைகளை நினைக்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு கீழப்பாவூருக்குப் போனார். எப்சிபா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

“பூவுதாம்மா” என்றார். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“தெரியும் அண்ணாச்சி.”

“நீயாவது அத எடுத்துப் போட்டிருக்கலாம்லா? அவ்வளவு முட்டை…” சொல்லும்போதே அது தப்பான பேச்சு என்று அவருக்குத் தெரிந்தது.

“எடுத்திருந்தா குஞ்சு பொழைச்சிருக்கும்” என்றாள் எப்சிபா. “எம்பேரு பொழைச்சிருக்குமா? வேதக்காரி சாமி பூவப் பிச்சுப் போட்டுட்டான்னு ஊரு பூரா சொல்லியிருப்பீங்க. வெள்ளிக்கு வெள்ளி பூவப் பாக்கேன், முட்டையப் பாக்கேன். அட்ட மடக்கி வைக்கத்தான் எனக்குத் தைரியம் இருந்துச்சு. அந்த முட்டைகள நெனச்சு நான் எத்தன நாள் சாப்பிடலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கு வேலைக்கு வந்துரு” என்றார்.

“வேலைக்கு வாறது பொறவு. மண்டியில வச்சு என்னையச் சொன்னீங்கள்லா? அதே எடத்துல, அதே சத்தத்துல சொல்லுங்க. அது எங்காதுக்கு வரட்டும். வந்த பொறவு நான் வாறேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட் வழக்கம் போல இரைந்துகொண்டிருந்தது. காமராஜின் மண்டி வாசலில் டெம்போவிலிருந்து கத்தரிக்காய் மூட்டை இறங்குகிறது. பஸ்ஸிலிருந்து வந்த விவசாயிகள் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். வல்லிநாயகம் நடுவில் போய் நின்று, தொண்டையைச் செருமி, எப்சிபாமேல் தப்பில்லை என்றார்.

“என்ன அண்ணாச்சி?” என்றான் காமராஜ். “அன்னைக்கு அவதான்னு சத்தம் போட்டீங்க. அப்ப முட்டையக் கெடுத்தது யாரு?”

வல்லிநாயகம் சுற்றிப் பார்த்தார். வாரக்கணக்கில் அவர் தேடிக்கொண்டிருந்த ஆள். சிக்கினால் தோலை உரிக்க வேண்டும் என்று நினைத்திருந்த ஆள்.

“நாந்தான்” என்றார்.

டெம்போ சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. லோடுமேன் ஒருவர் மூட்டையைத் தோளில் வைத்தபடியே, “யாரு, யாரு?” என்று கேட்டார். டிரைவர் எஞ்சினை அணைத்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.